எண்ணைப் பார்த்து கேம் வாங்காதீர்கள், ரிவ்யூவைப் படித்து வாங்குங்கள்

நம் கேமிங் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பல ரிவ்யூக்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளம் ஒரு கேமுக்குத் தந்த எண், பச்சைக் கட்டத்துக்குள்; கீழே "கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று ஒரு வரி. அதை நம்பி ஒரு தம்பி வாங்கிவிட்டார். அவர் லேப்டாப்பில் கேம் திக்கித் திணறுகிறது. உடனே கமெண்டில் எல்லாரும் ஒரே குரலில் "ரிவ்யூ எழுதுறவன் எல்லாம் காசு வாங்கினவன்" என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஒருவராவது அந்த ரிவ்யூவைத் திறந்து படித்தீர்களா? எந்த கிராபிக்ஸ் கார்டில் ஆடிப் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே ஃபிரேம் விழுகிறது, அதாவது படம் திக்குகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள், எழுத்தைப் பார்க்கவில்லை. அதற்கு எழுதியவருக்கு வசவு.

மெட்டாகிரிட்டிக் எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 5க்கு 4 நட்சத்திரம் கொடுத்தால் அது 80 ஆகிறது. பல இதழ்கள், தளங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். அதிலும் சில இதழ்களுக்குக் கூடுதல் எடை உண்டு, யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிடுவதில்லை. 75 அல்லது அதற்கு மேல் என்றால் பச்சை. பிசிக்குத் தனிப்பக்கம், பிளேஸ்டேஷனுக்குத் தனிப்பக்கம். ஸ்கிரீன்ஷாட் போட்டவர் எந்தப் பக்கத்தை எடுத்தார்? யாரும் கேட்கவில்லை.

சைபர்பங்க் 2077 அதற்குள் மறந்துவிட்டதா? 2020 டிசம்பரில் வெளியீட்டுக்கு முன் ரிவ்யூ செய்பவர்களுக்கு பிசி பதிப்பு மட்டும்தான் கொடுத்தார்கள். சொந்தமாகப் பதிவுசெய்த காட்சியை வீடியோவில் காட்டவும் தடை. எண் 90ஐ ஒட்டி நின்றது. கேம் வெளிவந்த பிறகு பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) பக்கம் 57இல் போய் நின்றது. ஐஜிஎன் என்ற ரிவ்யூ தளம் பிசிக்கு 10க்கு 9 கொடுத்தது, பழைய கன்சோல்களுக்குத் தனியாக ஆடிப் பார்த்து 4 கொடுத்தது. ஒரே கேம், ஒரே நிறுவனத்தின் ரிவ்யூ. சோனி தன் கடையிலிருந்தே அந்த கேமைத் தூக்கியது. முதல் நாளே பல ரிவ்யூக்களில் "பிசியில் மட்டுமே ஆடினோம், கன்சோல் பதிப்பைப் பார்க்கவில்லை" என்ற வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்தவர்களுக்குப் பணம் மிஞ்சியது.

எனவே ரிவ்யூவைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது, எந்தக் கருவியில் ஆடினார்கள் என்பதை. "4060 கார்டுல நல்லா ஓடுது" என்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டைச் சொன்னால் டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று பாருங்கள். லேப்டாப் 4060க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். பெயர் ஒன்றுதான், வேகம் வேறு. ஒரே ஒரு 8 ஜிபி ரேம் குச்சியோடு வரும் லேப்டாப் என்றால் இன்னும் அடிவாங்கும். கார்டின் சொந்த நினைவகமும் முக்கியம். 2023இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைத்துத்தான் ஆட முடிந்தது. பிறகு பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) வந்து நிலைமை மாறியது. அதனால் ரிவ்யூவின் தேதியையும், எந்த பேட்ச்சுக்கு முன்னால் எழுதியது என்பதையும் பாருங்கள்.

ஆன்லைன் கேம் என்றால் வெளியீட்டுக்கு முந்தைய ரிவ்யூவை வைத்து முடிவெடுக்கவே கூடாது. காலியான சர்வரில் ஆடியிருப்பார்கள். 2013இல் சிம்சிட்டி கேமுக்கு பாலிகான் தளம் 10க்கு 9.5 கொடுத்தது. மக்கள் குவிந்து சர்வர் படுத்ததும் அதை 8 ஆக்கி, பிறகு 4 ஆக்கியது.

அச்சு இதழ்களில் இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு இருந்தது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் ஒரே கேமை நான்கு பேர் ஆடி ஆளுக்கு 10க்கு மதிப்பெண் போடுவார்கள், மொத்தம் 40. ஒருவர் 9, இன்னொருவர் 6 என்று போட்டிருந்தால், அந்த வித்தியாசத்தில்தான் வாங்குபவருக்கான சேதி இருக்கிறது. நம் நாட்டில் டிஜிட் என்ற கணினி இதழோடு வந்த வட்டில் டெமோ, அதாவது ஆடிப் பார்க்க ஒரு சிறு பகுதி, இருக்கும். படித்துவிட்டு, போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வாங்கலாம். இன்று அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். மிக உயர்ந்த மதிப்பெண் தந்த ரிவ்யூ ஒன்று, மிகக் குறைந்தது தந்த ரிவ்யூ ஒன்று, இரண்டையும் படியுங்கள். குறைத்தவர் சொல்லும் குறை உங்களுக்கும் குறைதானா என்று யோசியுங்கள். "கதை மெதுவாகப் போகிறது" என்பது உங்களுக்குப் பிடித்த விஷயமாகக்கூட இருக்கலாம்.

"எல்லாரும் காசு வாங்குறாங்க" என்பவர்களுக்கு: அழுத்தம் உண்டு, நான் மறுக்கவில்லை. 2007இல் கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமின் விளம்பரம் கேம்ஸ்பாட் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது அந்தத் தளத்தில் ரிவ்யூ எழுதிய ஜெஃப் கெர்ஸ்ட்மன் அந்த கேமுக்கு 10க்கு 6 கொடுத்தார். வேலை போனது. ஆனால் அழுத்தம் வந்தது யாரிடமிருந்து? எழுதியவர் உண்மையைத்தானே எழுதினார்? அவரையும் சேர்த்துத்தான் நீங்கள் "விலைபோனவன்" என்கிறீர்கள். அது எனக்கு வலிக்கிறது. ஃபால்அவுட் நியூ வேகஸ் கேமைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. இந்த எண்ணுக்கு இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்தது ரிவ்யூ எழுதுபவர்கள் அல்ல, வெளியீட்டு நிறுவனங்கள். ரிவ்யூ எல்லாம் வந்து முடிந்த பிறகு கேமுக்குள் கடை திறப்பவர்களும் அவர்கள்தான். கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃபியூல்ட் 2019 ஜூனில் வந்தது, நிஜக் காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயங்கள் ஆகஸ்ட்டில் வந்தன. அந்தக் கோபத்தை அங்கே காட்டுங்கள்.

"யூடியூப் போதும்" என்பவர்கள், அந்த வீடியோ எந்தக் கார்டில் எடுத்தது, நிறுவனம் பணம் கொடுத்ததா என்று கீழே உள்ள குறிப்பில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"படிக்க நேரமில்லை" என்ற வாதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு புது பிஎஸ்5 கேம் ஆயிரக்கணக்கான ரூபாய். ஒரு ரிவ்யூ படிக்கப் பத்து நிமிடம். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமிலேயே கோளாறு இருந்தால் ஒழிய பணம் திரும்பாது. பிசி கேம் விற்கும் ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திரும்பும். அந்தத் தம்பி ஸ்டீமில்தான் வாங்கியிருக்கிறார். தம்பி, செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் அந்த 2 மணி நேரத்தில்தான் கழிகிறது. கேமை மூடிவிட்டு இன்றே ரீஃபண்ட் கேளுங்கள்.

அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை நீக்குங்கள். இல்லையென்றால் அதன் கீழே பிசியா கன்சோலா, எந்தக் கார்டு, எந்தத் தேதி என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.