செருப்பைக் கழற்றாமல் தூங்கிய பையன்

2025 ஏப்ரலில், பர்மாப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், எங்கள் கோயிலில் நடக்கும் கோடைத் தமிழ் வகுப்புக்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். மாந்தலேக்காரன். ரங்கூனில் இருக்கும் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எங்கே உட்காரச் சொன்னாலும் கொஞ்ச நேரத்தில் நகர்ந்து நகர்ந்து வாசல் ஓரத்துக்குப் போய்விடுவான். மடப்பள்ளியில் யாராவது அண்டாவை இழுத்தால் போதும், அவன் கையில் பென்சில் அப்படியே நிற்கும். மூன்றாவது நாள் அத்தை வந்தாள். “சயாமா (டீச்சர்), நீங்களாவது சொல்லுங்க. ராத்திரி செருப்போடதான் படுக்கிறான். பாயெல்லாம் மண்ணு. அடிச்சும் பாத்துட்டேன், கழட்ட மாட்டேங்கறான்.”

அப்போதுதான் எனக்கு வாசல் ஓரம் புரிந்தது. கோயிலுக்குள் செருப்பு போட முடியாது, அதனால் கழற்றி வைத்த செருப்பு கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருகிறான்.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் மாந்தலேப் பக்கம் வந்த நிலநடுக்கம் எல்லோருக்கும் தெரியும். அளவு 7.7, போன உயிர்கள் 3,700க்கும் மேல். இவன் வீட்டில் ஒரு பக்கச் சுவர் சரிந்தது, தங்கைக்குக் கை முறிந்தது, அவ்வளவுதான். சுற்றிலும் அத்தனை வீடுகளில் பிணம் கிடந்தபோது “முருகன் காப்பாத்தினான்” என்று சொல்லிவிட்டு மேலே ஆகவேண்டியதைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையனிடம் அன்று என்ன நடந்தது என்று அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கேட்கவில்லை. “சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், நாலு நாள் போனால் மறந்துடுவான்” என்று விட்டுவிட்டார்கள்.

நானும் கேட்கவில்லை. வாசல் ஓரத்தை அவன் இடம் என்று ஆக்கிவிட்டேன். செருப்பை ஒரு பையில் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள், வரைந்த மாட்டுக்கு நிறம் தீட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “நான் செருப்பு தேடுனதாலதான் பாப்பா மேல சுவரு விழுந்துச்சு” என்றான். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறான். வாசலில் செருப்பு காணாமல் கையை விட்டிருக்கிறான். அந்த ஒரு நிமிஷத்தை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான், செருப்போடு தூங்கினால் அடுத்த தடவை தேட வேண்டாமே என்று. அத்தை அதற்குத்தான் அடித்திருக்கிறாள், பாவம், அவளுக்கும் தெரியாது.

பிள்ளைகள் அப்படித்தான். காரணம் புரியாத இடத்தில் தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள். அப்பா வீட்டைவிட்டுப் போனால் நான் சேட்டை பண்ணினதால், தாத்தா செத்தால் நான் மருந்து எடுத்துக் கொடுக்காததால். பெரியவர் ஒருவர் வாயால் “அது உன்னால் இல்லை” என்று சொல்லாதவரை அது உள்ளேயே கிடக்கும். “பூமி ஆடினதால சுவர் விழுந்துச்சு. நீ கையை விட்டதால இல்ல” என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு மாட்டுக்குக் கொம்பு வரையப் போய்விட்டான். மறுநாள் திரும்பக் கேட்டான். திரும்பச் சொன்னேன். ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன்.

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்” என்ற வார்த்தை மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தப் பையனால் வந்தது இல்லை. அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான நம் ஆட்கள் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். கலேவா, தமு, மணிப்பூர் என்று போன அந்தக் கூட்டத்தில் என் பாட்டியும் ஒருத்தி, அப்போது அவளுக்கு எட்டு வயது. யுத்தம் முடிந்து தன் அப்பாவோடு பெகு பக்கம் திரும்பி வந்தாள், கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றாள், எல்லாம் நடந்தது. ஆனால் சாகும்வரை தலைமாட்டில் ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். எறும்பு வருகிறது என்று நாங்கள் சண்டை போடுவோம். “அது பாட்டி பழக்கம்” என்பார் அப்பா. கடைசி நாள்களில் நினைவு தப்பியபோதுதான் “தம்பிக்குப் பசிக்குது, தம்பிக்குப் பசிக்குது” என்று முனக ஆரம்பித்தாள். பாட்டிக்கு ஒரு தம்பி இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அப்பாவுக்கு வந்தது 1964. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், உறவுக்காரர்கள் பாதிப்பேர் மெட்ராசுக்குக் கப்பல் ஏறினார்கள். தாத்தா பூட்டிய கடைப் படியில் போய் தினமும் உட்கார்ந்திருப்பாராம், பத்து வயது அப்பா சாயங்காலம் போய்க் கூட்டிவருவாராம். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா எங்களோடு பேசியதெல்லாம் பிரம்பால்தான். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர்.

பிள்ளைப் பருவத்துக் காயம் வயதான பிறகு உடம்பில் போய் நிற்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் சான் டியாகோவில் பெலிட்டி, அண்டா என்ற இரண்டு டாக்டர்கள் 1990களில் 17,000 பேருக்கு மேல் கேட்டார்கள், முதல் அறிக்கை 1998இல் வந்தது. சின்ன வயதில் வீட்டில் அடி இருந்ததா, குடி இருந்ததா, யாராவது ஜெயிலுக்குப் போனார்களா, அம்மா அடிபடுவதைப் பார்த்தாயா, இப்படி. பெரும்பாலும் வேலையும் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கத்தார், அதிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஒன்றாவது இருந்தது. நாலும் அதற்கு மேலும் இருந்தவர்களிடம் இதய நோய், குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாமே கூடுதல். நம் வீடுகளில் நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற ஆண்களைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். எண்ணெய்ப் பலகாரம் மட்டும்தான் காரணமா?

சரி, அப்படியானால் பட்டது பட்டதுதானா என்றால் அதுவும் இல்லை. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயதுவரை விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடிகார அப்பா, நோயாளி அம்மா என்று எல்லாச் சிரமத்திலும் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாக நிமிர்ந்துவிட்டார்கள். குணமும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது, விட்டுப்போகாத ஒரு பெரிய ஆள். அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டி, சித்தி, டீச்சர், அடுத்த வீட்டுக்காரர், யாரோ ஒருவர். என் பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. அவளைச் சுற்றி இருந்த எல்லோரும் அதே வழியில் நடந்து வந்தவர்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டவர்கள்.

நம்மிடம் இதற்கு மருந்தே இல்லாமல் இல்லை. பிள்ளை ராத்திரி அலறினால் “பயந்த கோளாறு” என்று கோயிலுக்குத் தூக்கிவந்து மந்திரித்துத் திருநீறு போடுகிறோம். படித்தவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறார்கள், நான் தள்ள மாட்டேன். அந்தப் பத்து நிமிஷம் பிள்ளை அம்மா மடியில் இருக்கிறது, ஒரு பெரியவர் கை தலையில் இருக்கிறது, “இது பயந்துதான் போச்சு” என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. அது பெரிய விஷயம். என் சண்டை மறுநாளோடுதான். கயிறு கட்டியாச்சு, சரியாயிடுச்சு, இன்னும் என்ன அழுகை என்று மறுநாளே கையை ஓங்குகிறோமே, அதோடு.

அதே மாதிரி எதிர்ப்பக்கம் போய், பிள்ளையை உட்காரவைத்து “சொல்லு, என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் சொல்லு” என்று நோண்டவும் கூடாது. நடந்ததை உடனே வரிசையாகச் சொல்லவைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், இப்போது உலக சுகாதார நிறுவனமே அது வேண்டாம் என்கிறது. அவர்கள் 2011இல் போட்ட மனநல முதலுதவிக் கையேடு பார், கேள், சேர்த்துவிடு என்ற மூன்றைத்தான் சொல்கிறது. யாருக்கு என்ன தேவை என்று பார், சொன்னால் கேள், உதவி கிடைக்கிற இடத்தோடு சேர்த்துவிடு. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம், விளையாட்டு, வகுப்பு என்று நாள் பழையபடி ஓட ஆரம்பிப்பதே பிள்ளைக்குப் பாதி வைத்தியம். மாதக்கணக்கில் தூங்காமலும் சாப்பிடாமலும் பேசாமலும் இருந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும், அதில் வெட்கம் வேண்டாம்.

அடி விஷயத்தில் நானும் யோக்கியம் இல்லை. வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வருஷம் என் மேசையிலும் பிரம்பு இருந்தது. ஒரு பெண் குழந்தை, ‘ழ’ எழுத வராதவள், நான் பக்கத்தில் வந்தாலே தோளைக் குறுக்கிக்கொள்வாள். நான் சின்ன வயதில் அப்பா முன்னால் அதே மாதிரிதான் குறுக்கிக்கொள்வேன். அன்றோடு பிரம்பை எடுத்து அடுப்பில் வைத்தேன். அந்தக் குழந்தை அடுத்த வருஷம் வகுப்புக்கு வரவில்லை.

“பிள்ளைங்க பூனைக்குட்டி மாதிரி, எப்படித் தூக்கிப் போட்டாலும் காலை ஊனிக்கும்” என்று சொல்கிறவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். பிள்ளைகளைப் புகழ்வதுபோல இருக்கும், உண்மையில் நாம் கையைக் கழுவிக்கொள்வது அது. டீக்கடையில் ராத்திரி பதினொரு மணிக்கு மேசை துடைக்கிற பையனைப் பார்த்து “கெட்டிக்காரன், இந்த வயசுலயே சம்பாதிக்கிறான்” என்கிறோம். 2019இல் பர்மாவில் வந்த குழந்தை உரிமைச் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. சட்டம் இருக்கிறது, பையனும் அங்கேதான் இருக்கிறான், அடுத்த டீ நமக்கு அவன்தான் கொண்டுவருகிறான்.

இன்னொன்று. பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்றால் அந்தப் பெரியவருக்கு யார்? அந்த அத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்ததும் மூத்த மகன் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டான். புருஷன் மலேசியாவில். பாதி நாள் கரண்ட் இல்லை, எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகிறது, வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூன்றாவதாக இவன். அவளிடம் போய் “அடிக்காதே, அன்பாகப் பேசு” என்று புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். வெங்காயம் உரித்துக்கொடுத்தேன். ஒரு மணி நேரம் அவள்தான் பேசினாள், கடைசியில் அழுதாள். பையன் சொன்ன செருப்புக் கதையை அதற்குப் பிறகுதான் அவளிடம் சொன்னேன். அன்று ராத்திரி அவளே அவன் செருப்பைக் கழுவி, துடைத்து, பாய்க்கு மேலேயே வைத்திருக்கிறாள்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல டாக்டர் 2006இல் செய்ததைப் படித்தபோது எனக்கு இந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. ஆள் இல்லை, கட்டடம் இல்லை, பணம் இல்லை. பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார், அவர்கள் வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களின் பாரத்தைக் கேட்டார்கள். 2016இல் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சுக்கு வந்தவர்கள் நன்றாகத் தேறியதாகக் காட்டியது. நம் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு எத்தனை ஆச்சிமார் வருகிறார்கள், எண்ணிப் பாருங்கள். திண்ணையும் இருக்கிறது. திருவிழாவுக்கு மைக் செட்டும் பூப்பல்லக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாமிக்குச் செய்வதைச் செய்யுங்கள். அந்தச் செலவில் ஒரு துளி எடுத்து, இந்த ஆச்சிமாரில் நாலு பேருக்கு நல்ல பயிற்சி கொடுக்கலாம் என்று மூன்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். “பாக்கலாம்” என்கிறார்கள்.

அவர்கள் பார்க்கட்டும். இந்தக் கோடை வகுப்பில் நான் தொடங்கிவிடப் போகிறேன். மதியம் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் இருக்கிறது, அந்த ஒரு மணி நேரம் சும்மா வந்து உட்கார இரண்டு பேர் வேண்டும். ஆச்சியோ அத்தையோ தாத்தாவோ யாராக இருந்தாலும் சரி, தமிழ் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பர்மாப் பேச்சிலேயே பேசலாம். வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் அந்த நாள் தவறக் கூடாது, பிள்ளைகள் காத்திருப்பார்கள். முடியும் என்கிறவர்கள் கீழே எழுதுங்கள், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கோயிலில் என்னைப் பாருங்கள்.