டெக்சாஸ் வெளிமானும் நம்ம கொறங்காடும்

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மேய்கிற நம்ம வெளிமான், டெக்சாஸ் தனியார் பண்ணைகளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 1930களில் கொண்டுபோய் விட்டது. பாகிஸ்தானில் இந்த இனம் அற்றுப்போன பிறகு, 1970-இல் டெக்சாஸிலிருந்துதான் மான்களை வரவழைத்தார்கள். டெக்சாஸில் அது பெருகியதற்கு முக்கியக் காரணம், முறுக்குக்கொம்புக் கடாவைச் சுடக் காசு கட்டி ஆள் வருவதுதான்.

இங்கே வெளிமான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. வேட்டைச் சுற்றுலா நம்ம பக்கம் வரவே கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் அந்தப் பண்ணைகள் எப்படி ஓடுகின்றன என்று தெரியாமலே ஒதுக்கித் தள்ளினால் நட்டம் நமக்குத்தான்.

ஒழுங்கான பண்ணையில் முதலில் புல்லைப் பார்ப்பார்கள். அடுத்து தலையெண்ணிக்கை, கடாவுக்கு எத்தனை பெட்டை, அந்த வருசம் தப்பிப் பிழைத்த குட்டி எத்தனை. அதற்குப் பிறகுதான் சுடுவதற்கு ஒதுக்கீடு, அதுவும் இனம் பெருக்கி முடித்த வயதான கடாக்களில். தங்குவதற்கும் வழிகாட்டிக்கும் நாள் கட்டணம், சுட்ட விலங்குக்குத் தனி விலை. காயம்பட்டுத் தப்பி ஓடினாலும் பெரும்பாலும் முழு விலையைக் கட்டியாகணும். அதனால் கண்டபடி சுட மாட்டான்.

கெடுவது எங்கே? உயரவேலிக்குள் மந்தை அடைபட்டால் சொந்த ரத்தத்திலேயே சேர்ந்து இனம் பலவீனமாகும். வெளியிலிருந்து கடா மாற்றிக்கொண்டே இருக்கணும். வறட்சியில் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை என்றால் புல் வேரோடு போய்விடும். பெரிய கொம்பையே தேடிச் சுட்டால் சந்ததியின் கொம்பு சிறுக்கும். கனடாவின் ராம் மலையில் காட்டுச் செம்மறிகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சிங்கத்தை அடைப்பில் வளர்த்துச் சுட விடுகிறார்களே, அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே நாட்டில், முறையாக வேலி போட்ட நிலத்தின் காட்டுவிலங்கு நிலக்காரருக்கே சொந்தம் என்று 1991-இல் சட்டம் உறுதிசெய்தது. மாட்டுப்பண்ணைகள் பலவும் மான்காடாக மாறின. விலங்கு வரவாகத் தெரிந்தால் நிலக்காரர் அதைக் காப்பாற்றுகிறார்.

நம்மிடம் அது வெறும் நட்டமாகத்தான் தெரிகிறது. பன்னிக்கு வைக்கிற அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியை, யானை கடிக்கிறது. தாடை சிதறி, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வரும் பன்னியை வனத்துறையே சுடலாம் என்று 2025-இல் அரசு முடிவெடுத்தது. சேதம் குறையலாம். ஆனால் வாழிடத்தைக் காக்கிறவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காட்டை, உயிர்வேலி போட்ட சொந்த மேய்ச்சல் நிலத்தை, பாருங்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். மாடு, ஆடு போக கௌதாரி, முயல், உடும்பு, பனிக்காலத்தில் வந்திறங்கும் பூனைப்பருந்து எல்லாம் அதை நம்பித்தான். சோலார்காரன் குத்தகை பேசினால் எந்தக் குடும்பம் வேண்டாம் என்கும்?

கொறங்காட்டைக் காக்கிற குடும்பத்துக்கு ஏக்கருக்கு வருசா வருசம் ஒரு தொகை கொடுக்கணும். உழக்கூடாது, வேலியைப் பிடுங்கி கம்பி கட்டக்கூடாது, வேலியடைத்த ஒரு பட்டியையாவது விதை உதிரும்வரை மேய்க்காமல் மூடி வைக்கணும், கண்ணி வைக்க விடக்கூடாது. வேலி பட்டுப்போன இடத்தில் மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து ஊன்றும் கூலியையும் அதிலேயே சேர்க்கணும். பணத்தை, மேய்ச்சல் நிலத்தில் இறங்கும் சோலார், காற்றாலைக் கம்பெனிகளிடம் மெகாவாட் கணக்கில் வசூலிக்கலாம்.