செங்கடல் எங்கேயோ இல்லை

செங்கடலில் கப்பல்களைத் தாக்குவதெல்லாம் தூரத்துச் சண்டை, சாமானியனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒரு கட்டுரையாளர் கேட்கிறார். ஒரு நாள் சென்னை மண்ணடிப் பக்கம் வந்து டீ குடித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

நான் தம்பு செட்டித் தெருவில் சரக்கு கிளியரிங் வேலையில் இருக்கிறேன். 2023 நவம்பரில் ஏமன் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம், அதற்கான எரிபொருள், ஏறிப்போன இன்சூரன்ஸ் எல்லாம் சரக்குக் கட்டணத்தில் வந்து உட்கார்ந்தன. போனை எடுத்தால் "சார், என் கன்டெய்னர் எங்கே?" ராட்டர்டாமுக்குச் செருப்பு அனுப்பியவரிடம் என்ன சொல்வது, ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனைப் பக்கம் காற்று வாங்குகிறது என்றா?

எங்கள் டீ மாஸ்டருக்கு வேறு சந்தேகம். "2021-ல குறுக்கே மாட்டின 400 மீட்டர் கப்பலையே ஆறு நாள்ல எடுத்துட்டாங்களே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டாங்களா?" சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற எவர் கிவன் கப்பலைச் சொல்கிறார். அது மணலில் மாட்டியது மாஸ்டர் என்றேன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும் வாழைக்காய் பஜ்ஜியைச் சீவல் மாதிரி ஆக்கிவிட்டார். தடை மூன்றரை வாரத்தில் முடிந்தது. பஜ்ஜி மட்டும் இன்னும் பழைய கனத்துக்கு வரவில்லை. கேட்டால், "உக்ரைன் சண்டை முடியட்டும் சார்" என்கிறார்.