ஏ எது, பி எது? அதை மட்டும் சொல்லித் தொலையுங்கள்

"சார், பிங் வருதுங்களா? வந்துச்சுன்னா எங்க பாக்ஸ் நல்லாருக்குன்னு அர்த்தம். உங்க மீட்டர்லதான் பிரச்சினை."

மீட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேட்வே பெட்டியைக் கொடுத்தவர்கள் வாயால் மூன்று நாளில் இதைப் பதினோரு தடவை கேட்டுவிட்டேன். பிங் என்றால் கம்ப்யூட்டர் "இருக்கிறாயா?" என்று கேட்டு வாங்கும் பதில். அது வந்தால் அந்தப் பெட்டியின் ஈதர்நெட் பக்கம், அதாவது கம்ப்யூட்டர் பக்கம், உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் காலிங்பெல் அடிக்கிறது என்பதற்காக அடுப்பில் சோறு வெந்துவிட்டதாகச் சொல்வீர்களா? பெட்டியின் மறுபக்கம் இரண்டு கம்பி போகிறதே, அதில் என்ன நடக்கிறது என்றுதானே கேட்கிறேன்!

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலை. லோடு லோடாகக் குச்சிக்கிழங்கு வந்து இறங்குகிற நேரம், ஒரு மணி நேரம்கூட மெஷினை நிறுத்த முடியாது. நான்கு எனர்ஜி மீட்டர், ஜவ்வரிசி வறுக்கும் தட்டுகளுக்கு ஆறு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், கிழங்கு அரைக்கும் ரேஸ்பர்களின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு டிரைவ், கழிவுநீரில் இருந்து எடுக்கும் பயோகேஸுக்கு ஒரு ஃப்ளோ மீட்டர். மொத்தம் பதின்மூன்று. எல்லாமே ஆர்எஸ்-485 என்னும் இரண்டு கம்பி இணைப்பில் மோட்பஸ் ஆர்டியு என்ற மெஷின் மொழி பேசுபவை. இதையெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். நியாயமான ஆசை. மணிக்கு ஒரு தடவை அந்த அனலுக்குள் நோட்டும் பேனாவுமாக ஓடுகிற ஆபரேட்டருக்கும் அது ஒரு விடுதலை.

அதற்குத்தான் கேட்வே. கம்ப்யூட்டர் 502-ஆம் போர்ட்டில் மோட்பஸ் டிசிபியாக, அதாவது அதே மொழியின் நெட்வொர்க் வடிவில், கேட்கும். பெட்டி அந்த வடிவத்தின் தலைப்பைக் கழற்றி, பிழை பிடிக்க உதவும் சிஆர்சி எண்ணைச் சேர்த்து, கம்பியில் அனுப்பும். பதில் வந்தால் திருப்பிக் கொடுக்கும். இது ஒன்றும் ராக்கெட் இல்லை.

முதல் நாள் காலை. மீட்டரில் ஏ, பி என்று போட்டிருந்தது. பெட்டியிலும் ஏ, பி. ஏ-வை ஏ-யில் கொடுத்தேன், பியைப் பியில் கொடுத்தேன். வேறு எப்படிக் கொடுப்பது? பதில் இல்லை. எக்ஸெப்ஷன் 11 மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதாவது, "கேட்டேன், அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை" என்று கேட்வே சொல்கிறது.

ஆலை எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருட சர்வீஸ். "தம்பி, ரெண்டு கம்பிதானுங்க, மாத்திக் குடுத்துப் பாத்தா என்ன?" என்றார். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று பெட்டி கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். வந்த பதில்: "ஐயோ மாத்திடாதீங்க சார், போர்டு எரிஞ்சிடும். அப்புறம் வாரன்டி கிடையாது."

சரி என்று கையை எடுத்துவிட்டேன். அங்கே தொடங்கியது எல்லாம்.

ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். ஃபர்ம்வேர் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். வேறு லேப்டாப், வேறு ஐபி, வேறு சுவிட்ச், எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஸ்க்ரீன்ஷாட் கேட்டார்கள், அனுப்பினேன். அதே ஸ்க்ரீன்ஷாட்டை மறுநாள் இன்னொருவர் கேட்டார், அவருக்கும் அனுப்பினேன். "கேபிள் சரியில்லைங்க" என்றதும் ராத்திரி பதினோரு மணிக்கு ஏணி போட்டு, மாவுத் தூசிக்குள் எண்பது மீட்டர் புதுக் கேபிள் இழுத்தோம். ஏணியைப் பிடித்திருந்தவர் அந்த எலெக்ட்ரீஷியன். அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டோம். டிரைவின் மோட்டார் கேபிளை ஒட்டிப் போகாமல் தள்ளிப் பிடித்துக் கட்டினோம். இது இரண்டும் எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான், அதில் குறை இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் எக்ஸெப்ஷன் 11. போன் போட்டால், "பிங் வருதுங்களா?"

மூன்றாம் நாள் மத்தியானம், போர்டு எரிந்தால் எரியட்டும், என் காசில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு கம்பியையும் மாற்றிக் கொடுத்தேன். ஒரு நொடி. பெட்டியில் இரண்டு விளக்கும் மாறி மாறி மின்ன ஆரம்பித்தன. மீட்டர் பேசிவிட்டது. எலெக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எரியவே எரியாது! ஆர்எஸ்-485 கம்பி ஒவ்வொன்றும் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை தாங்கும்படி வகுக்கப்பட்டது. மாற்றிக் கொடுத்தால் ஒன்று பூஜ்யமாகவும் பூஜ்யம் ஒன்றாகவும் தெரியும், வேறொன்றும் ஆகாது. சிக்கல் எங்கே என்றால், 1983-இல் வந்த ஸ்டாண்டர்டின்படி லைன் சும்மா இருக்கும்போது பி-யில்தான் வோல்டேஜ் அதிகம் இருக்க வேண்டும். ஆனால் சிப் தயாரிப்பாளர்கள் பலர் ஏ, பியைத் தலைகீழாகப் பெயரிட்டார்கள். அதை அப்படியே பெட்டிமேல் அச்சடிக்கிறார்கள். மோட்பஸ் ஆவணமோ டி0, டி1 என்கிறது. நாற்பது வருடம் தாண்டியும் இரண்டு கம்பிக்கு ஒரே பெயர் வைக்க உங்களால் முடியவில்லை. அதற்கான கூலியை ஏணிமேல் நிற்கிறவன் ஏன் கொடுக்க வேண்டும்?

அதன் பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்னக் குத்தல். பிழை பிடிக்கச் சேர்க்கும் பாரிட்டி பிட், இன்னொரு மீட்டரில் ஈவன், பெட்டியில் "நன்", அதாவது இல்லவே இல்லை. ஆறு கன்ட்ரோலரில் இரண்டுக்கு ஒரே முகவரி 1, ஃபேக்டரியில் இருந்து வந்தபடியே. மேனுவலில் ரெஜிஸ்டர், அதாவது அளவை வைத்திருக்கும் கட்டம், 40001 என்றால் கம்பியில் 0 என்று அனுப்ப வேண்டும், அதை ஒரு இடத்திலும் எழுதவில்லை. கடைசியில் வோல்டேஜ் வந்தது. மீட்டர் முகத்தில் 231.4. கம்ப்யூட்டரில் 27-க்குப் பின்னால் இருபத்திரண்டு சைபர். ஒரே எண் இரண்டு ரெஜிஸ்டரில் பாதி பாதியாக இருக்கிறது, அந்த இரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் சரியாகிவிட்டது. எந்த ரெஜிஸ்டர் முதலில் என்று மேனுவலில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் மிச்சம்.

"பழைய மீட்டர் சார், அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அந்த மீட்டர் மாவுத் தூசியிலும் ஈரத்திலும் பன்னிரண்டு வருடமாகத் தொங்குகிறது. ஒரு நாள் பொய் சொன்னதில்லை. 1979-இல் வெளியான மோட்பஸை ஒழுங்காகப் பேசுகிறது. புரியாமல் நின்றது நேற்று வாங்கிய பெட்டி.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். எந்தக் கம்பி பிளஸ், பாரிட்டி என்ன, முகவரி எங்கே மாற்றுவது, எண்ணிக்கை 0-வில் தொடங்குமா 1-இலா, எந்த ரெஜிஸ்டர் முதலில். பளபள அட்டைப்பெட்டிக்குள் நாலு மொழியில் பாதுகாப்பு எச்சரிக்கை வைக்க இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

ராத்திரி பத்தரைக்கு ஆத்தூரில் சேலம் பஸ் ஏறினேன். "ஊருக்குள்ள போகுமுங்களா?" என்று கேட்டுத்தான் ஏறினேன். "போகும், ஏறுங்க" என்றார் கண்டக்டர். சீலநாயக்கன்பட்டி பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கிரிம்பிங் டூல், மல்டிமீட்டர், மீதிக் கேபிள் சுருள், எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றேன். போகாதென்றால் போகாது என்று சொல்வதற்கு என்னய்யா உங்களுக்கு?