5,000 ரூபாய்க்குள் திருடினால் தண்டனையே இல்லையா?

"புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் கீழே திருடினால் கேஸே கிடையாது, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி, அதனால்தான் ஆபத்து.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவைப் பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவர் சொல்லும் சலுகை அதற்குக் கீழேதான் வருகிறது: மதிப்பு 5,000-க்குக் குறைவு, முதல் முறை குற்றவாளி எனத் தீர்ப்பாகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டார், இவ்வளவும் சேர்ந்தால் தண்டனை சமூக சேவை. சம்பளமில்லாத வேலை. அதுவும் தண்டனைதான் ஐயா, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு கொடுப்பது! இரண்டாம் முறை மாட்டினால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல், கூடவே அபராதம்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. தெருவில் நின்ற 3,000 ரூபாய் பழைய சைக்கிளை எடுத்தால் 303. அதே சைக்கிளை வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் 305, 7 ஆண்டு வரை போகலாம், அங்கே இந்த 5,000 கணக்கே இல்லை. பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடமும் அதில் அடக்கம், ஆகவே சூப்பர் மார்க்கெட்டில் நெய் டப்பாவைப் பைக்குள் போட்டவரும் "சின்னத் தொகைதானே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. செயின் பறிப்பு தனி, 304.

சிறைக்கு மாற்று வேண்டுமென்றால் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமும் இருக்கிறது. கண்டித்தோ, பிணைப்பத்திரம் எழுதி வாங்கியோ விடலாம். ஆனால் அது நீதிபதி முடிவு, நம் உரிமை இல்லை.