லெபெட் செச்னியாவுக்குச் சுதந்திரம் கொடுத்தாரா?

ரஷ்ய ஜெனரல் அலெக்சாண்டர் லெபெட் 1996-இல், ரஷ்யாவிலிருந்து பிரியப் போராடிய செச்னியாவில் நடந்த போரை நிறுத்திய காசவ்யூர்த் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, செச்னியாவைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இதில் ஒரு சின்னத் திருத்தம். கையெழுத்திட்டது உண்மை. தனி நாடாக ஏற்றது உண்மையில்லை.

செச்னியாவுக்கு அடுத்துள்ள தாகெஸ்தானின் காசவ்யூர்த் நகரில் லெபெடும் செச்னியப் படைத் தலைவர் அஸ்லான் மஸ்காதோவும் கையெழுத்திட்ட ஆவணத்தில் 1996 ஆகஸ்ட் 31 என்ற தேதி இருக்கிறது. அப்போது லெபெட் ரஷ்யப் பாதுகாப்புச் சபையின் செயலாளர். ஆவணத்தோடு இணைத்த கொள்கைகளில் முதல் அம்சமே இதைத்தான் பேசுகிறது: இரு தரப்புக்கும் இடையிலான உறவின் அடிப்படை குறித்த உடன்பாட்டை 2001 டிசம்பர் 31-க்குள் எட்ட வேண்டும். அதாவது, முக்கியமான கேள்வியை ஐந்து வருடம் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். போரை நிறுத்த அப்போது அதுதான் வழி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் தள்ளிப்போட்டதைக் கொடுத்துவிட்டதாகச் சொல்வது அந்த மனிதருக்கும் நியாயமில்லை, செச்னிய மக்களுக்கும் நியாயமில்லை.

சந்தேகம் இருந்தால் மூல ஆவணத்தையே பாருங்கள். மிகச் சின்னது, ரஷ்ய மொழியிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இணையத்தில் கிடைக்கிறது. அந்தத் தேதியைத் தேடுங்கள், அப்புறம் தனி நாடு என்ற பொருளில் வரும் ‘சுதந்திரம்’ (independence) என்ற சொல்லைத் தேடுங்கள். முதலாவது இருக்கும். இரண்டாவது இருக்காது. படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1997 மே 12 அன்று மாஸ்கோவில் ரஷ்ய அதிபர் எல்ட்சினும் மஸ்காதோவும் கையெழுத்திட்ட அமைதி உடன்படிக்கை வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் லெபெட் பதவியிலேயே இல்லை. 1996 அக்டோபரிலேயே எல்ட்சின் அவரை நீக்கிவிட்டார்.