மஸ்டங் ஜிடி வாங்கியதும் சைலன்சரில் கை வைக்காதீர்கள்

அமெரிக்காவில் ஐந்து லிட்டர் வி8 மஸ்டங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் முதலில் ஆர்டர் போடுவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட்தான். கொடுத்த காசு காதில் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறது. ஆனால் 2015 முதல் 2023 வரை வந்த எஸ்550 தலைமுறை ஜிடியில் சத்தம் ஒரு குறையே இல்லை. குறை இரண்டு இடத்தில் இருக்கிறது: பின்பக்க சப்ஃபிரேமை (பின் சஸ்பென்ஷன் உட்காரும் சட்டத்தை) தாங்கும் ரப்பர், கியர் லிவரைத் தாங்கும் ரப்பர். அதனால் நான் சொல்லும் வரிசை இது: நல்ல டயர், பின்பக்கம், கியர் லிவர், மிச்சப் பணம் இருந்தால் எக்ஸாஸ்ட்.

பின்பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். சாதாரண ஜிடியில் பல வருடமாக இருந்த சாலிட் ஆக்சிலை 2015இல் ஃபோர்டு எடுத்துவிட்டு, இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனைப் போட்டது. இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியலும், சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம்களும் ஒரே சப்ஃபிரேமில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த சப்ஃபிரேம் பாடியோடு சேர்வது நாலு பெரிய ரப்பர் புஷ் வழியாக. சாலை இரைச்சல் உள்ளே வரக்கூடாது என்று அந்த ரப்பருக்குள் வேண்டுமென்றே காலி இடம் விட்டிருக்கிறார்கள். ஆபீஸ் போய்வர அது சுகம். முதல் கியரில் கிளட்சை வேகமாக விட்டால் கதை வேறு. சப்ஃபிரேம் அப்படியே முறுக்கிக்கொள்ளும், டயர் பிடி விடும், முறுக்கிய ரப்பர் திரும்பி வரும், டயர் மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பல தடவை இது நடக்கும்போது பின்பக்கம் தடதடவென்று அடிக்கும். வீல் ஹாப் என்பது இதுதான். அந்தச் சமயத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருப்பவர்கள்தான் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்டை உடைக்கிறார்கள்.

இதற்கு மருந்து கிரேடில் லாக்அவுட். பிஎம்ஆர், ஸ்டீடா போன்ற கம்பெனிகள் செய்கின்றன. ரப்பரில் உள்ள காலி இடத்தை அடைக்கும் வளையங்கள்தான், பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. மாட்டும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. வண்டியை நாலு ஸ்டாண்டில் நிறுத்தி, டிஃபரென்ஷியலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே சப்ஃபிரேம் பாடியில் உட்காரும் இடத்தை நாலு மூலையிலும் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். போல்ட் ஓட்டையில் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் சப்ஃபிரேம் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை தடவை அலைன்மென்ட் பார்த்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது. நாலு போல்ட்டையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இறக்கும்போது பிரேக் ஹோசும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். இதற்குப் பிறகு டிஃபரென்ஷியல் இரைச்சல் கொஞ்சம் உள்ளே கேட்கும். அலுமினிய வளையத்தில் அதிகம், பாலியூரித்தேனில் குறைவு. தினமும் ஓட்டும் வண்டி என்றால் பாலியூரித்தேனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருவோம். ஒரு இன்ச் இறக்கினால் வண்டி அழகாகவும் நிற்கும், வளைவில் சாய்வதும் குறையும். அதற்கு மேல் இறக்கினால், சஸ்பென்ஷன் கடைசியில் முட்டும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொண்டுதான் வண்டி ஓடும், ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தெரியும். பின்பக்க ஸ்பிரிங்கின் ரேட், அதாவது கடினம், முன்பக்கத்தைவிடப் பல மடங்கு இருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். பின்ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஆர்மின் மேல் தனியாக உட்கார்கிறது. நெம்புகோல் விகிதத்தின் வர்க்கம்தான் கணக்கு: சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் பாதிதான் நகர்கிறது என்றால், அதன் ரேட்டில் கால்பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஸ்பிரிங் மாற்றுபவர்களில் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வண்டி லிஃப்டில் இருக்கும்போது, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்களை முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் அந்த ரப்பர் முறுக்கியே இருக்கும். உயரம் ஏறி நிற்கும், சவாரி கல் மாதிரி இருக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். பழி ஸ்பிரிங் கம்பெனிமேல் விழும். போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டு, ஆர்மை ஜாக்கியால் ஓடும் உயரத்துக்குத் தூக்கி, அப்புறம் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். வீல் நட்டுக்கு எஸ்550இல் 150 பவுண்டு அடி, அதாவது 204 நியூட்டன் மீட்டர். பழைய கார் பழக்கத்தில் நூறோடு நிறுத்திவிட்டுப் போகும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், கேட்டு உறுதிசெய்யுங்கள்.

வேலை முடிந்த அன்றே அலைன்மென்ட் போகாமல் ஓரிரு நாள் ஓட்டி, ஸ்பிரிங் படிந்த பிறகு போகலாம். தெருவில் ஓட்ட முன்னும் பின்னும் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) மைனஸ் 1 முதல் 1.5 டிகிரிக்குள் இருந்தால் போதும், பின்பக்கம் கொஞ்சம் டோ இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளே திரும்பியிருப்பது) இருக்கட்டும். முன்பக்கம் கம்பெனி கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கொடுக்கவில்லை. தேவைப்பட்டால் கேம்பர் போல்ட் அல்லது கேம்பர் பிளேட் வாங்க வேண்டும். மேக்னரைடு, அதாவது ஓடும்போதே கடினத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக், உள்ள வண்டியா? அதற்கென்று சொல்லி விற்கும் ஸ்பிரிங்கை மட்டும் வாங்குங்கள். அந்த ஷாக்கைக் கழற்றி எறிந்துவிட்டுச் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் சாதாரண காயில்ஓவர் போடுவது எனக்குப் புரியாத ஆசை.

அடுத்து கியர் லிவர். ஜிடியில் இருப்பது கெட்ராக் எம்டி-82 ஆறு கியர் பெட்டி. மாக் 1, டார்க் ஹார்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், அவற்றில் வருவது ட்ரெமெக் கம்பெனியின் பெட்டி. எம்டி-82இல் லிவர் கியர்பாக்சின் மேல் நேராக உட்காரவில்லை. லிவர் பெட்டியின் முன்பக்கம் கியர்பாக்சைப் பிடித்திருக்கிறது, பின்பக்கம் ஒரு மெத்தென்ற ரப்பர் வழியாகப் பாடியைப் பிடித்திருக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் இன்ஜின் அசையும், கியர்பாக்ஸ் அதோடு அசையும், பாடி அசையாது. ஏழாயிரம் ஆர்பிஎம்மில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கை பழைய இடத்துக்குப் போகிறது, மூன்றாவது கியரின் வாசலோ கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. அதனால்தான் பலருக்கு அந்த ஒரு கியர் மட்டும் மாட்டாது.

இதற்கு, லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் முழு ஷார்ட் ஷிஃப்டர் வாங்கும் முன் அந்தப் பின் புஷ்ஷை மட்டும் கெட்டியான பாலியூரித்தேனாக மாற்றிப் பாருங்கள். முழு ஷிஃப்டர் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஷிஃப்டர் செய்யும் எம்ஜிடபிள்யூ, பார்ட்டன் பக்கம் போகலாம். ஷார்ட் ஷிஃப்டரின் தந்திரம் நெம்புகோல்தான். கை நகரும் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பலம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கியர்களின் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோவின் வேலை அதனால் துளிகூடக் குறையாது. சிங்க்ரோவுக்கு நேரம் கொடுக்காமல் அறைந்து மாற்றினால் கர்ரென்று சத்தம் வரும், தேய்மானம் அதன் பின்னாலேயே வரும். இன்னொன்று: எஸ்550இல் ரிவர்சுக்கு லிவர் தலைக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். அழகான குமிழ் ஒன்றை வாங்கிவிட்டு, வளையம் சேரவில்லை என்று அப்புறம் முழிக்காதீர்கள்.

காலைக் குளிரில் இரண்டாவது கியர் கரடுமுரடாக விழுந்தால் லிவரைக் குறை சொல்லும் முன் ஆயிலைப் பாருங்கள். எம்டி-82க்கு மோட்டார்கிராஃப்ட் டூயல் கிளட்ச் ஆயில், சுமார் 2.6 லிட்டர். கடையில் கிடைக்கிற 75டபிள்யூ-90 கியர் ஆயிலை ஊற்றாதீர்கள், சிங்க்ரோவுக்கு ஒத்துக்கொள்ளாது. மேலே இருக்கும் ஃபில் பிளக்கை முதலில் திறங்கள். அது இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால் கீழே வடித்த பிறகு வண்டியை நகர்த்தவே முடியாது. கிளட்ச் பெடல் எங்கே பிடிக்கிறது என்றே தெரியவில்லை என்பவர்கள் பெடலுக்கு மேலே உள்ள உதவி ஸ்பிரிங்கை மெலிதானதாக மாற்றலாம். அது டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துச் செய்யும் வேலை. கழுத்து வலி இலவசம்.

ஷிஃப்டர் வேலைக்கு நடுக் குழாயை இறக்கினால்தான் கை தாராளமாகப் போகும். எக்ஸாஸ்ட் மாற்றுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் கூலி மிச்சம்.

எக்ஸாஸ்டில் பவர் கேட்காதீர்கள். கேடலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் எதை மாற்றினாலும் ஐந்து, பத்து ஹெச்பிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 2018இல் 460 ஹெச்பியோடு வந்த வண்டியில் அது கையால் உணரக்கூடிய அளவே இல்லை. நீங்கள் வாங்குவது சத்தம். அதைச் சத்தமாகவே தேர்ந்தெடுங்கள். இந்த வி8இல் ஒரு பக்க நாலு சிலிண்டரும் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை: 90, 180, 270, 180 டிகிரி. அந்தத் தாளப்பிசகுதான் அந்தக் குடுகுடு ஒலி. இரண்டு பக்கக் குழாயையும் நடுவில் இணைக்கும் துண்டு இரண்டு வகை. ஹெச் பைப் அதை அப்படியே விடும். எக்ஸ் பைப் இரண்டு பக்கத்தையும் கலந்து ஒலியைக் கூர்மையாக்கிவிடும். மஸ்டங் மஸ்டங்காகவே கேட்க வேண்டும் என்றால் ஹெச்.

தலைவலி ட்ரோன், அதாவது ஒரே வேகத்தில் ஓடும்போது விடாமல் வரும் முழக்கம். ஆறாவது கியரில் 70 மைல் வேகத்தில் இன்ஜின் கிட்டத்தட்ட 1,950 ஆர்பிஎம்மில் ஓடும். ஒரு சுற்றுக்கு நாலு வெடிப்பு, ஆக நொடிக்கு 130. இந்த முழக்கம் கேபினுக்குள் அடைந்து காதை அமுக்கும். வீடியோவில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் எல்லோரும் நின்ற இடத்தில் உறுமவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள். குழாயின் பக்கத்தில் சுமார் மூன்று அடி நீளத்தில், முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்தால் அந்த அலைவரிசை மட்டும் அடங்கும். ஜே பைப் என்பார்கள். நீளம் முக்கியம், கண்மதிப்பில் வெட்டினால் வேறு ஆர்பிஎம்மை அடக்கிவிட்டு உங்கள் ட்ரோன் அப்படியே இருக்கும். ஆக்டிவ் எக்ஸாஸ்ட் உள்ள வண்டி என்றால் வால்வோடு இருக்கும் சைலன்சரை விட்டுவிட்டு நடுக் குழாயை மட்டும் மாற்றுங்கள், அதிகாலையில் கிளம்ப அமைதி மோடும் மிஞ்சும். மிஷிகன், ஒஹாயோ போலப் பனிக்கு உப்புப் போடும் ஊரில் 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சீக்கிரம் துருவேறும். 304 ரகம் வாங்குங்கள்.

இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் நீளமான லாங் ட்யூப் ஹெடர் போட்டு கேடலிடிக் கன்வர்ட்டரைத் தூக்குவது பெடரல் சட்டப்படியே குற்றம். கலிஃபோர்னியாவில் ஸ்மாக் டெஸ்டில் (புகைச் சோதனையில்) கண்ணால் பார்த்தே நிராகரிப்பார்கள். கன்வர்ட்டருக்குப் பின்னால் மாற்றுவதற்குத் தடை இல்லை, ஆனால் அங்கே சத்தம் 95 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஊரில் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: 2016இல் இந்தியாவுக்கு வந்த ஜிடி ஆட்டோமேட்டிக் மட்டுமே, கியர் லிவர் பேச்சே இல்லை. வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

மாட்டும்போது ஹேங்கர் ரப்பரில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் கத்தி வேண்டியதில்லை. எல்லா கிளாம்பையும் தளர்வாக மாட்டி, வால்முனை இரண்டும் பம்பரில் சமமாக நிற்கிறதா பார்த்து, முன்னாலிருந்து பின்னால் முறுக்கிக்கொண்டே வாருங்கள். பழைய பேண்ட் கிளாம்பைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது. சூட்டில் குழாய் நீளும், எதிலும் உரசாமல் அரை இன்ச் இடைவெளி விடுங்கள். நூறு மைல் ஓட்டி, ஆறவிட்டு, கிளாம்புகளை இன்னொரு தடவை முறுக்குங்கள்.